மண்டபம் பாய் கடையில் தைத்த தியானத் திண்டு: ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்த பிறகு

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2016-ல் பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து காலையும் இரவும் தியானத்தில் உட்காருகிறேன். இத்தனை வருடம் இரண்டு தலையணையை மடித்துப் போட்டே ஓட்டிவிட்டேன். ஐம்பது தாண்டியதும் முட்டி வலிக்க ஆரம்பித்தது. ஆன்லைனில் வாங்கிய ஸ்பாஞ்ச் திண்டு நம் ஊர் வெக்கைக்கு அரை மணி நேரத்தில் வேர்த்து ஒட்டிக்கொண்டது. அதனால் போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில், மெத்தை தைக்கும் பாய் ஒருவரின் கடைக்குப் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், எங்களுக்கும் வேலை குறைவு.

கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று பாய் கேட்டுக்கொண்டார். பஞ்சுக் கடை என்று விசாரித்தால் கை காட்டுவார்கள்.

அவர் போடுவது போடிப் பக்கத்து இலவம்பஞ்சு. ஒரு பிடி உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது, பட்டு மாதிரி வழுக்கும். அதன் இழை உள்ளே குழாய் போல வெற்றாக இருக்கும், மேலே மெழுகுத் தன்மை உண்டு, அதனால் தண்ணீர் சீக்கிரம் ஏறாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். கடற்காற்றின் ஈரத்துக்கு இதுதான் சரியான பஞ்சு. ஒரே குறை, அமுங்கும்.

அதை பாய் முதல் நாளே சொன்னார். "தம்பி, இது உக்கார உக்கார இறங்கும். எட்டு இன்ச்சுக்கு அடைச்சாத்தான் அப்புறம் அஞ்சு நிக்கும்." எனக்கோ அஞ்சு இன்ச் என்று மனதில் விழுந்துவிட்டது. இத்தனை வருடம் உட்கார்ந்தவனுக்குத் தெரியாதா என்ற நினைப்பு. அவர் கையிலிருந்து பில் புக்கை வாங்கி நானே எழுதினேன்: "உயரம் 5 இன்ச். அதற்கு மேல் வேண்டாம்." ஒரு கிலோ பஞ்சு, கோடு போட்ட மெத்தைத் துணி, தையல் கூலி எல்லாம் சேர்த்து 750 ரூபாய்.

மூன்று வாரத்தில் திண்டு மூன்று இன்ச்சுக்கும் கீழே போய்விட்டது. முட்டி தரையில் படவில்லை, இடுப்பு பின்னால் சாய்ந்தது, பத்தே நிமிடத்தில் கால் மரத்தது. திண்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கல்யாண மெத்தைக்கு முன்பணம் கொடுக்க ஒரு குடும்பம் நின்றிருந்தது. அவர்கள் எதிரிலேயே, "பஞ்சைக் குறைச்சுப் போட்டு ஏமாத்திட்டீங்க" என்று சத்தம் போட்டேன்.

பாய் பதில் பேசவில்லை. திண்டை வாங்கித் தராசில் வைத்தார். துணியோடு 1 கிலோ 140 கிராம். அப்புறம் பில் புக்கை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டி, என் பக்கம் திருப்பி வைத்தார். என் கையெழுத்து. "அதற்கு மேல் வேண்டாம்" என்பதற்குக் கீழே அழுத்தி ஒரு கோடும் போட்டிருந்தேன். அந்த அழுத்தத்தில் காகிதம் லேசாகக் கிழிந்திருந்தது. ஒரு வார்த்தை பேசாமல், திண்டையும் விட்டுவிட்டு, இறங்கி வந்துவிட்டேன்.

நாலு நாள் என்னால் உட்காரவே முடியவில்லை. பௌத்த நூலான தம்மபதத்தில் மூடர்களைப் பற்றிய அதிகாரத்தில் 63-வது பாடல் இருக்கிறது. தான் மூடன் என்று அறிந்த மூடன் அந்த அளவுக்கு அறிவாளி, தன்னை அறிவாளி என்று எண்ணுகிற மூடனே உண்மையில் மூடன் என்று பொருள். பல முறை படித்ததுதான். பில் புக்கில் என் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் அது என்னைப் பற்றியது என்று உறைத்தது.

ஐந்தாம் நாள் போனேன். "பாய், தப்பு என்னோடது. நீங்க சொன்னதக் கேக்கல. கேக்காததோட, நாலு பேர் முன்னாடி உங்கள ஏமாத்துறவர்னு சொல்லிட்டேன்" என்றேன். "சரி விடுங்க தம்பி, கூடுதலா அடைச்சு வச்சிருக்கேன், உக்காந்து பாருங்க" என்றார். நான் வருவதற்கு முன்பே திண்டின் வாயைப் பிரித்து அடைத்துத் தைத்திருக்கிறார். கூடுதல் கால் கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டார். வாங்கியது எனக்கு ஆறுதலாக இருந்தது. கல்யாண வீட்டார் மெத்தை எடுக்க வரும் நாளைக் கேட்டு, அன்றும் போய் அவர்களிடமும் சொன்னேன்.

இதோடு முடியவில்லை. திண்டு இப்போது கச்சிதமாக இருந்தது, ஆனால் கண்ணை மூடினால் தராசும் பில் புக்கும் வந்தன. தியானம் செய்கிறவன் இப்படிச் செய்யலாமா என்று என்னை நானே வாரக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தேன். அதை மனசாட்சி என்று நம்பவும் செய்தேன். பௌத்தத்தில் இதற்குக் குக்குச்சம் என்று பெயர். மனக்குறுகுறுப்பு. தியானத்துக்குக் குறுக்கே நிற்பதாகச் சொல்லும் ஐந்து தடைகளில் நாலாவதில், அலைபாயும் மனதோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. காற்று அடித்து அலை எழும் தண்ணீரில் முகம் தெரியாது என்பது சூத்திரத்தின், அதாவது புத்தர் உரையின், உவமை. இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடலைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம்.

புத்தர் உரைகளின் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் ஒரு சின்ன சூத்திரம் இரண்டு வகை மூடர்களைச் சொல்கிறது. ஒருவர், தன் குற்றத்தைக் குற்றமாகப் பார்க்காதவர். இன்னொருவர், குற்றத்தை ஒப்புக்கொண்டு வருகிறவரை முறைப்படி ஏற்றுக்கொள்ளாதவர். சூத்திரம் சொல்வது அடுத்தவரை ஏற்றுக்கொள்வதைப் பற்றி. நான் அதை எனக்கே பொருத்திப் பார்த்தேன். பாய் ஒரு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டதை நான் இரண்டு மாதமாக ஏற்காமல் வாசலில் நிற்க வைத்திருந்தேன். முதல் வகையிலிருந்து வெளியே வந்தவன் நேராக இரண்டாவதில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

தகப்பனைக் கொன்ற மகத மன்னன் அஜாதசத்ரு, மூடனாகிச் செய்துவிட்டேன் என்று புத்தரிடம் சொல்கிறான். குற்றத்தைக் குற்றமாகப் பார்த்து, முறைப்படி ஒப்புக்கொண்டு, இனி அடங்கி நடப்பதுதான் வளர்ச்சி என்று சொல்லி அவர் ஏற்றுக்கொள்கிறார். அவன் போன பிறகு, அந்தக் கொலை மட்டும் இல்லாதிருந்தால் இவனுக்கு இந்த இடத்திலேயே தம்மக்கண், உண்மையைக் காணும் கண், திறந்திருக்கும் என்று பிக்குகளிடம் சொல்லவும் செய்கிறார். செய்ததன் பலன் அப்படியே நிற்கிறது. ஆனாலும் அவர் சொன்ன மூன்றில் தன்னை அடித்துக்கொள்வது இல்லை.

இப்போது அந்தக் காட்சி வந்தால் "பார்த்தேன், சொன்னேன், இனி கேட்டு நடப்பேன்" என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புகிறேன். இன்னும் வருகிறது, முன்போல அடிக்கடி இல்லை.

திண்டு வாங்க நினைப்பவர்களுக்கு: மாதம் ஒரு முறை வெயிலில் போட்டுக் கையால் தட்டினால் பஞ்சு மறுபடி உப்பும். தண்ணீரில் நனைத்துத் துவைக்கக் கூடாது, மேலே தனியாக ஓர் உறை தைத்துக்கொள்ளுங்கள். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் பஞ்சு அடைக்கும்போது கடைக்குள் நிற்க வேண்டாம். கல்யாண மாதங்களில் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தள்ளித்தான் கிடைக்கும், போனும் எடுக்க மாட்டார். நேரில் போங்கள், எந்த உயரம் என்று அவரையே கேளுங்கள்.

ஒரு வருடத்தில் என் திண்டு ஐந்து இன்ச்சில் வந்து நின்றிருக்கிறது. போன வாரம் என் மனைவிக்கு ஒன்று சொல்லப் போனோம். பாய் பில் புக்கை என் பக்கம் நீட்டினார். "நீங்களே எழுதுங்க பாய்" என்றேன்.