மோட்டார் பூட்டிய சைக்கிளுக்கு எந்த முன் ஃபோர்க்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் மேடுகளில் மோட்டார் பூட்டிய சைக்கிள் ஓட்டுபவர், குறைந்த செலவில் முன் ஷாக், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) மாட்ட நினைத்தால், மலிவான புதிய சைக்கிள் ஃபோர்க்கா, பழைய மொபெட்டிலிருந்து கழற்றியதா என்ற கேள்வி பெரும்பாலும் எழும்.

சைக்கிள் ஃபோர்க்கின் மேல்தண்டு 28.6 மி.மீ. விட்டம் உள்ளதாக இருந்து, அது நுழையும் சட்டத்தின் முன்குழாயான தலைக்குழாயும் அதற்கேற்றதாக இருந்தால், அரை நாளில் மாட்டிவிடலாம். ஆனால் மிக மலிவானவற்றில் வெறும் ஸ்பிரிங்தான் இருக்கும். துள்ளலை அடக்க எண்ணெய் இராது. முன் பிரேக்கை இறுகப் பிடித்து, கைப்பிடியை அழுத்திப் பின் விட்டால், வெடுக்கென்று மேலே எழும். மிதிக்கும் வேகத்துக்கு இது போதும். இறக்கத்தில் மோட்டார் வேகத்தோடு குழியில் இறங்கும்போது சக்கரம் தரைப்பிடியை இழப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

பல மொபெட் ஃபோர்க்குகளில் எண்ணெய் உண்டு, அது கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ‘சீல்’ தேய்ந்தால் அதையும் மாற்றலாம். கடற்காற்றின் உப்பால் குழாயில் துருப்புள்ளி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பார்த்தே வாங்க வேண்டும், ஏனெனில் அந்தச் சிறு புள்ளி புதிய சீல் வளையத்தையும் கிழித்துவிடும். எடை கூடும், பெரும்பாலும் முன்சக்கரமும் மாறும். தலைக்குழாயில் பொருந்தும் தண்டை லேத்தில் முறையாகக் கடைந்து வாங்க வேண்டுமே தவிர, வெட்டி வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து.

உறுதியான எஃகுச் சட்டமாக இருந்தால், கடைசல் கூலியையும் சேர்த்துக் கொடுத்து, மொபெட் ஃபோர்க்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.