ராலி கிட் போட்ட ஹீரோ எக்ஸ்பல்ஸ் பைக்னு எவனாச்சும் வித்தா மொதல்ல முன் சக்கரத்த தாங்கற ஃபோர்க்கோட மூடிய திருகிப் பாருங்க

ஏழு மாசமா எழுதலாமா வேணாமான்னு இருந்தேன், ஏமாந்தத வெளிய சொல்ல கூச்சம்தான், ஆனா போன வாரம் அதே ஆளு இன்னொரு வண்டிய விக்க விளம்பரம் போட்டிருக்கறத பாத்ததும் பொறுக்கல. ஆளு பேரு, கராஜ் பேரு எதுவும் போட மாட்டேன், ஓசூர் பக்கம்னு மட்டும் வெச்சுக்கங்க. என்ன பண்ணி ஏமாத்துனான்னு சொல்றேன், அது தெரிஞ்சா வேற எவன் கிட்டயும் மாட்டமாட்டீங்க.

நான் ஒண்ணும் பெரிய ரேஸர் இல்லீங்க. கோயமுத்தூர்ல ஆறு நாள் பம்ப் கம்பெனி வேல, ஞாயித்துக்கெழம மண்ணுல பைக் ஓட்டறது. 2015ல பைக் ரேஸர் சி.எஸ்.சந்தோஷ் டாக்கர்ங்கற பெரிய பாலைவன ராலில 36ஆவதா வந்தாரு, டாக்கர முழுசா முடிச்ச மொத இந்தியர் அவருதான், எனக்கு பைத்தியம் புடிச்சதும் அந்த வருஷம்தான். கையில இருந்த காசுக்கு செகண்ட்ஹேண்ட்ல ஒரு ஹீரோ இம்பல்ஸ் கெடச்சுது. அதுல மொத எண்டூரோ, அதாவது காடுமேட்டுல நேரக் கணக்கு வெச்சு ஓட்டற போட்டி, போனது இன்னிக்கு நெனச்சாலும் சிரிப்பு. மண்ணு டிராக்ல நடக்கற மோட்டோகிராஸ் மாதிரி எல்லாரும் ஒண்ணா பாயறது கெடையாது இதுல, ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒருத்தர் ரெண்டு பேரா விடுவாங்க, கையில டைம் கார்டு, நமக்குன்னு குறிச்ச நிமிஷத்துல கன்ட்ரோல்ல, அதாவது கார்டுல நேரம் குறிக்கற எடத்துல, போய் நிக்கணும், லேட்டா போனாலும் பெனால்டி, சீக்கிரம் போனாலும் பெனால்டி. அது தெரியாம முறுக்கிட்டுப் போயி 3 நிமிஷம் முன்னாடியே கார்ட நீட்டுனேன், மேசையில ஒக்காந்திருந்த பெரியவரு "என்ன கண்ணு அவசரம், பஸ்ஸு போயிருமா"ன்னு கேட்டுட்டே பெனால்டிய எழுதுனாரு.

சரி, விஷயத்துக்கு வரேன். இம்பல்ஸ் ஓய்ஞ்சு போச்சு, எக்ஸ்பல்ஸ் 200க்கு மாறலாம்னு பாத்தேன். சாதா எக்ஸ்பல்ஸ்ல முன்னாடி சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர் எறங்கும், பின்னாடி 170. ராலி கிட்னா கம்பெனியோட ரேஸ் பாகங்க, அத போட்டா 250, 220 ஆயிரும். ஜம்ப்ல எறங்கறப்ப அந்த 60 மில்லிமீட்டர்ல இருக்கு நம்ம மணிக்கட்டோட தலையெழுத்து. கிட் வந்த புதுசுல அது மட்டுமே 38,000 ரூபா, அதனால கிட்டோட பழைய வண்டி கெடச்சா லாபம்னு தேடிட்டு இருந்தேன். அப்பதான் இந்த விளம்பரம் கண்ணுல பட்டுச்சு, 2021 மாடல், ஃபுல் ராலி கிட், ரேஸே ஓட்டாத வண்டி, 1,15,000.

நேர்ல போனேன். வண்டி ஒசரமா நிக்குது, நீட்டு சீட்டு, ஹேண்டில்பார் தூக்கி வெச்சிருக்கு, ஃபோர்க் மேல செகப்பு கலர்ல பளபளன்னு அட்ஜஸ்டர், அதாவது சஸ்பென்ஷன கூட்டிக் கொறைக்கற திருகு, மாதிரி மூடி. பின்னாடி ஷாக் உண்மையிலயே கிட்டோட ஒரிஜினல், அத பாத்துதான் மயங்குனேன். "ஏறி ஒக்காருங்க தம்பி, உங்களுக்கே தெரியும்"னாரு. ஒக்காந்தேன், கால் எட்டல, சந்தோஷமாயிருச்சு. முன் சக்கரத்த தூக்கி விட்டப்ப உள்ள டக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சு, கேட்டதுக்கு "ராலி ஃபோர்க்னா அப்படித்தான் தம்பி"ன்னு முடிச்சுட்டாரு, நானும் தலையாட்டிட்டு 1,05,000 எண்ணிக் குடுத்துட்டு வந்தேன்.

பிப்ரவரில ஒரு கிளப் எண்டூரோ. காஞ்ச ஓடை, உருண்ட கல்லு, ரெண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள்ளு, முன்னாடி போறவன் கெளப்புற செம்மண் புழுதில பத்தடிக்கு மேல எதுவும் தெரியாது. ரெண்டாவது லேப்ல ஒரு மேடு, பெருசு கூட இல்ல, இம்பல்ஸ்லயே தாண்டுற சைஸுதான். எறங்குனதும் டங்குன்னு இரும்புல இரும்பு அடிச்ச சத்தம், ரெண்டு கையும் மரத்துப் போச்சு, அப்புறம் நான் ஒரு பக்கம் வண்டி ஒரு பக்கம். எந்திரிச்சு ஸ்டார்ட் பண்ணா சைலன்சர்ல நீலமா பொகை வேற. எடது மணிக்கட்டுல மயிரிழை விரிசல்னு எக்ஸ்ரேல சொன்னாங்க, ஒன்றர மாசம் கட்டு.

எங்க மெக்கானிக் அண்ணன் ஃபோர்க்க பிரிச்சாரு. ஸ்பிரிங் மேல என்ன இருந்துச்சு தெரியுங்களா, பிவிசி பைப்பு! வீட்டுக்கு தண்ணி லைன் இழுப்போமே, அதுல ஒரு துண்டு, ஹெக்ஸா பிளேடுல கோணலா அறுத்தது, பிசுறு கூட தேய்க்கல. சாதா ஃபோர்க்ல பைப்ப திணிச்சு ஸ்பிரிங்க அமுக்கி வெச்சா வண்டி தூக்கிட்டு நிக்கும், பாக்க ராலி கிட் மாதிரியே இருக்கும். ஆனா ஸ்பிரிங் ஏற்கனவே நசுங்கியிருக்கறதால ஜம்ப்ல காயிலோட காயில் ஒட்டிக்கும், அதுக்கு மேல எறங்க எடமே இல்ல. 250க்கு காசு குடுத்து சாதா வண்டியோட 190 கூட கெடைக்கல எனக்கு. அந்த டக்கு சத்தமும் இதனாலதான். செகப்பு அட்ஜஸ்டர் வெறும் அலங்கார மூடி, எத்தன சுத்து சுத்துனாலும் ஒரு க்ளிக் கூட கெடையாது.

பொகைக்கு காரணம் ஏர் ஃபில்டர். வித்த ஆளு கம்பெனி ஃபில்டர எடுத்துட்டு ஃபோம் போட்டிருக்காரு, ஆனா அதுக்கு ஆயில் தடவல. ஆயில் இல்லாத ஃபோம் கொசுவலைல மாவு சலிக்கற மாதிரி, பொடி மண்ணு நேரா இன்ஜினுக்குள்ள போயிரும். அண்ணன் த்ராட்டில் பாடிக்குள்ள வெரல விட்டு எடுத்தாரு, வெரல் நுனில செம்மண் சாந்து மாதிரி ஒட்டிட்டு வந்துச்சு. ரிங்கு, பிஸ்டன் எல்லாம் போச்சு. ரேஸே ஓட்டாத வண்டியாம்.

ஃபோன் பண்ணேன். மொத நாள் "பாக்கலாம் தம்பி", அடுத்த நாள் "ரேஸ் வண்டிக்கு யாராச்சும் வாரன்டி கேப்பாங்களா", மூணாவது நாள் பிளாக். ராலி கிட்னு அவரு வாட்ஸப்ல எழுதுனதயும் பைப்பு துண்டு போட்டோவயும் வெச்சு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன், இதுவரைக்கும் ஒண்ணும் நகரல.

வாங்கப் போறவங்க அட்ஜஸ்டர திருப்புங்க, கையில க்ளிக் க்ளிக்னு தெரியணும். முன் ஃபோர்க் பைப்புல ஒரு கேபிள் டை மாட்டி ஓட்டிட்டு வாங்க, அது எவ்வளவு நகந்திருக்குன்னு டேப்பு வெச்சு அளங்க. ஃபில்டர கழட்டி உள்ள வெரல விடுங்க, விக்கறவன் மொறைச்சா மொறைக்கட்டும், நான் கூச்சப்பட்டுதான் கெட்டேன்.

இப்ப அவரு போட்டிருக்க வண்டி வெள்ளக் கலரு, ஒசரமா நிக்குது, மூடி இந்த தடவ நீலம்.