ஒரு நாளுக்கு நான்கு அதிகாரம்: மெக்ஷேன் வேத வாசிப்பு அட்டவணை எப்படி?

புதிதாக ஞானஸ்நானம் எடுத்த தம்பி தங்கைகள் என்னிடம் அதிகமாகக் கேட்பது இதைத்தான்: "அண்ணா, தினமும் பைபிள்ல எங்கிருந்து வாசிக்கிறது?" காலையில் செல்போனுக்கு வரும் ஒரு வசனத்தோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. வியாதியோ கடனோ மரணமோ வீட்டுக்குள் வரும் நாளில் பிடித்துக்கொள்ள அது போதாமல் போகிறது. அப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பது ஒரே ஒரு தாள். ராபர்ட் மரே மெக்ஷேன் என்ற போதகர் தயாரித்த வாசிப்பு அட்டவணை.

மெக்ஷேன் ஸ்காட்லாந்தில் டண்டி என்ற ஊரில் போதகராக இருந்தவர். 1842ஆம் வருஷக் கடைசியில், வரப்போகும் புது வருஷத்துக்காகத் தன் சபையாருக்கு இதைக் கொடுத்தார். அடுத்த மார்ச் மாதமே காய்ச்சலில் இறந்துபோனார், வயது 29தான். அவர் விட்டுப்போன தாளை வைத்து இன்றைக்கும் பல தேசங்களில், பல மொழிகளில் வாசிக்கிறார்கள். யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அச்செடுத்து வேதாகமத்துக்குள் மடித்து வைத்துக்கொள்ளலாம், செல்போன் செயலிகளிலும் கிடைக்கிறது. நான் அச்செடுத்த தாளைத்தான் சொல்வேன். பென்சிலால் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டுக்கொண்டே வருவதில் ஒரு பிடிப்பு இருக்கிறது. செயலியைத் திறந்தால் வேறு பத்து அறிவிப்புகள் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஒவ்வொரு தேதிக்கும் நான்கு பகுதிகள், நான்கு வரிசையாக. முதல் இரண்டும் குடும்பமாக வாசிக்க, அடுத்த இரண்டும் தனிமையில் வாசிக்க. வருஷ முடிவில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடிந்திருக்கும். வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். இந்தக் கணக்கில் வாசித்தால் ஏறக்குறைய 1,600 வரும். நாளுக்கு நான்கு வீதம் 365 நாளுக்கு 1,460தான் ஆகும். அதனால் சில நாட்களில் இரண்டு அதிகாரங்களை ஒரே கட்டத்தில் சேர்த்திருக்கிறார். நீளமான 119ஆம் சங்கீதத்தைப் பல நாளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

நான்கு இடத்தில் ஒரே சமயம் வாசித்தால் குழம்பாதா என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் இந்த அட்டவணையின் பலமே அங்கேதான். ஜனவரி 1ஆம் தேதியைப் பாருங்கள்: ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. உலகத்தின் தொடக்கம், இயேசுவின் வம்ச வரலாறு, சிறையிருப்பிலிருந்து ஜனங்கள் திரும்பும் தொடக்கம், சபையின் தொடக்கம். மூன்றாம் தேதி எஸ்றா 3இல் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார்கள். முந்தின ஆலயத்தைக் கண்ணால் பார்த்த முதியவர்கள் சத்தமிட்டு அழுகிறார்கள், மற்றவர்கள் சந்தோஷத்தில் ஆர்ப்பரிக்கிறார்கள், எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை. அன்றைக்கே ஆதியாகமம் 3, மனிதன் விழுந்துபோன அதிகாரம். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு நான் வெகுநேரம் எழுந்திருக்காமல் இருந்திருக்கிறேன்.

ஜனவரி 7ஆம் தேதிக்காகவே இந்த அட்டவணையை எல்லோருக்கும் சொல்வேன். ஆதியாகமம் 7இல் ஜலப்பிரளயம். மத்தேயு 7இல் கன்மலையின்மேல் கட்டின வீடும் மணலின்மேல் கட்டின வீடும். வீட்டில் இதை வாசித்து முடித்தபோது என் மகள் கேட்டாள்: "அப்பா, மழை ரெண்டு வீட்டுக்கும்தானே பெய்யுது?" ஆமாம், ரெண்டுக்கும்தான். மழையும் வெள்ளமும் காற்றும் இரண்டு வீட்டின்மேலும் ஒன்றுபோலத்தான் மோதின. இரண்டு பேரும் வார்த்தையைக் கேட்டவர்கள்கூட. ஒருவன் கேட்டு, அதன்படி செய்தான். மற்றவன் கேட்டதோடு சரி. அதே நாள் தனி வாசிப்பில் எஸ்றா 7:10 வருகிறது: கர்த்தருடைய வேதத்தை ஆராயவும், அதன்படி செய்யவும், பிறகு உபதேசிக்கவும் எஸ்றா தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தான். ஆராய்வதற்கும் உபதேசிப்பதற்கும் நடுவில் 'செய்வது' நிற்கிறது. பிள்ளையோடு காலையில் வாசித்ததை எஸ்றா என்னிடம் தனியாக மறுபடி கேட்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒருவரோடு ஒப்புரவாக வேண்டியிருந்தது. போன் எடுத்துப் பேசினேன்.

குடும்ப வாசிப்பு என்று ஒதுக்கியதற்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஒரே பகுதியில் இருப்பதால் பேச்சு தானாக வருகிறது. "இன்னைக்கு எதை வாசிக்கலாம்" என்று புரட்டிக்கொண்டு நேரம் போவதில்லை. பிடித்த பகுதியையே திரும்பத் திரும்ப வாசிக்கும் பழக்கமும் விட்டுப்போகிறது.

இனி குறைகள். முதலாவது, இதில் விளக்கம் ஒரு வரிகூட இல்லை. வெறும் அதிகாரமும் தேதியும்தான். மார்ச் முடியும்போது லேவியராகமம் தொடங்கும். பலி முறைமைகளை முதல் முறை வாசிக்கிறவர்கள் திணறித்தான் போவார்கள். அந்த நாட்களிலேயே இரண்டாவது வரிசையில் யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரங்கள், சிலுவையும் உயிர்த்தெழுதலும் வருவது பெரிய உதவி. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க சபையில் மூத்தவர் ஒருவர் வேண்டும்.

இரண்டாவது, ஓய்வு நாள் கிடையாது. 365 நாளும் நிரம்பியிருக்கிறது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் 28 பகுதிகள் பாக்கி. கைக்குழந்தை இருக்கும் தாய்மாருக்கும் இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பாரமாகிவிடும். மெக்ஷேனே இதை முன்கூட்டிப் பார்த்திருக்கிறார். அட்டவணையோடு எழுதிய கடிதத்தில், வாசிப்பு வெறும் சடங்காகப் போகலாம், வாசித்து முடித்தோம் என்ற சுயநீதி வரலாம், சுமக்க முடியாத நுகமாகவும் ஆகலாம் என்று எச்சரிக்கிறார். தான் கொடுக்கும் பொருளின் ஆபத்தைத் தானே இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறவரை நம்பலாம்.

விட்டுப்போனதைப் பிடிக்க ஒரே நாளில் இருபது அதிகாரம் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. விட்டதை விட்டுவிட்டு அன்றைய தேதிக்கு வந்துவிடுங்கள். புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை வருவதால் அதில் பாதி எப்படியும் திரும்ப வரும்.

பல வருஷம் விசுவாசத்தில் இருந்தும் வேதாகமத்தை முழுதாக வாசிக்காதவர்களுக்கு நான்கு வரிசையையும் தயங்காமல் சொல்வேன். அப்படியே குடும்ப ஜெபம் நின்றுபோன வீடுகளுக்கும். இப்போதுதான் இயேசுவை ஏற்றுக்கொண்டவர்களுக்கு நான்கும் வேண்டாம். முதல் வருஷம் முதல் இரண்டு வரிசை, அடுத்த வருஷம் மற்ற இரண்டு. அதுவும் கனமாக இருந்தால் மத்தேயுவில் தொடங்கும் இரண்டாவது வரிசை மட்டும் போதும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், இன்றைக்கு நான் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு வரி நோட்டில் எழுதுங்கள்.

ஜனவரிக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றைய தேதிக்கு நேராக என்ன போட்டிருக்கிறதோ அதிலிருந்து தொடங்கலாம். அச்செடுக்கும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் அடைத்தால் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண் தெரியாது.