தோளில் ஒரு பட்டை குறைந்தால்

விமானத்தின் இடது இருக்கையில் உட்காரும் கேப்டன் தோளில் நான்கு பட்டை, வலது இருக்கையில் உட்காரும் துணை விமானியான ஃபர்ஸ்ட் ஆஃபீசர் தோளில் பெரும்பாலும் மூன்று. அந்த நான்காவது பட்டைக்காகப் பல வருஷம் காத்திருந்தவர்கள், ஓய்வுக்கு நாலைந்து வருஷம் மிச்சமிருக்கும்போது தாமாகவே அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வலது இருக்கைக்கு மாறுவது உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பதவியிறக்கம் மாதிரிதான் தெரியும். ‘என்ன தப்பு பண்ணினாரோ’ என்று ஒரு முணுமுணுப்பும் எழும். பெரும்பாலும் தப்பும் கிடையாது, தண்டனையும் கிடையாது. உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது. அந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒரே விடையைத் தராது என்பதால்தான் இந்த அலசல்.

முதலில் வயது. விமான நிறுவனங்களில் பறப்பவர்களுக்கு இப்போது பெரும்பாலான நாடுகளில் 65 தான் எல்லை. முன்பு 60. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் பழைய விதியில் ஒரு சுவாரசியமான ஓட்டை இருந்தது: 60 என்ற வரம்பு கேப்டனுக்குக் கட்டாயம், துணை விமானிக்கு வெறும் பரிந்துரை. ஆக, நாட்டுச் சட்டம் ஒத்துக்கொண்டால், வலப்பக்கம் நகர்ந்து இன்னும் கொஞ்ச காலம் பறக்க வழி இருந்தது. 2006 நவம்பரில் கேப்டனுக்கும் வரம்பு 65 ஆனது. 60ஐத் தாண்டிய கேப்டனோடு 60க்குக் கீழே உள்ளவர்தான் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2014 நவம்பரில் அந்த நிபந்தனையும் போய்விட்டது. இன்றைக்கு வலது இருக்கைக்கு மாறுவதால் ஒரு நாள்கூட அதிகம் பறக்க முடியாது. அப்புறம் ஏன் மாறுகிறார்கள்? தூக்கத்துக்காக, வீட்டுக்காக, சில சமயம் பொறுப்பிலிருந்து கொஞ்சம் மூச்சு விடுவதற்காக.

கடைசி நாள் வரை இடது இருக்கை

சம்பளம் இங்கேதான் உச்சம். கடைசி சில வருஷ வருமானத்தை வைத்து ஓய்வூதியம் கணக்கிடும் பழைய ஏற்பாடு இன்னும் இருக்கிற இடத்தில், கீழே இறங்குவது ஆயுள் முழுக்கச் செலவு வைக்கும். அந்த ஒரே காரணத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள் நிறையப் பேர்.

பணத்தை விட்டுப் பார்த்தாலும் இந்த இருக்கைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 1989 பிப்ரவரியில் ஹொனலுலுவிலிருந்து கிளம்பிய யுனைடெட் ஏர்லைன்ஸின் 811ஆம் எண் விமானம், ஒரு போயிங் 747. சரக்குக் கதவு பிய்ந்துபோய் விமானத்தின் பக்கவாட்டே திறந்துகொண்டது; 9 பயணிகள் இறந்தார்கள்; வலப்பக்கத்து இன்ஜின்கள் இரண்டும் போயின. மிச்சமிருந்த அத்தனை பேரோடும் அதைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிய கேப்டன் டேவிட் குரோனினுக்கு அப்போது வயது 59. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 60வது பிறந்தநாளோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டியவர். வயதான கேப்டன்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். ஒரு உதாரணத்தை வைத்து விதி எழுத முடியாது என்பதும் தெரியும்.

இடது இருக்கைதான், ஆனால் சின்ன விமானம்

இது பாதி இறக்கம். பட்டை குறையாது. நிறுவனம் விமானத்தின் அளவைப் பார்த்துச் சம்பளம் தருவதானால் பணம் குறையும். கண்டம் தாண்டும் பயணங்கள் இல்லை. உடம்பு ஒரு நேரத்திலும் கடிகாரம் இன்னொரு நேரத்திலும் இருக்கிற அவஸ்தை இல்லை. கை துருப்பிடிக்காது, ஏனென்றால் தினமும் தரையிறக்கம் உண்டு.

ஆனால் இதை ‘இலகுவான வேலை’ என்று சொல்பவர்கள் ஒரே நாளில் நாலு முறை ஏறி இறங்கிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு வானிலை, ஒரு எரிபொருள் கணக்கு, ஒரு தாமதம், ஒரு கதவு மூடல். விடியற்காலை 3 மணிக்கு அலாரம். நெடுந்தூர விமானத்தில் தூக்கம் கலையும், இங்கே தூக்கம் வெட்டுப்படும். 60 வயதுக்காரருக்கு எது மோசம் என்பது அவரவர் உடம்பைப் பொறுத்தது.

சின்ன ரூட்டுக்கு இறங்க விமானியே தயாராக இருந்தாலும் ரோஸ்டர் என்கிற பணி அட்டவணை இடம் கொடுக்காமல் போகலாம். ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸில் 747-400 ஓட்டிய கேப்டன் கிறிஸ்டிக்கு 60 ஆனபோது அதுதான் நடந்தது. பெரும்பாலான நாடுகள் 60 தாண்டிய கேப்டனைத் தங்கள் வான்வெளிக்குள் விடாத காலம். அவருக்கு மிஞ்சியவை நியூசிலாந்து, ஃபிஜி, பாலித் தீவின் டென்பசார் போன்ற கிட்டத்து இடங்கள்தான். எல்லா விமானிகளும் வரிசைப்படி பயணங்களைக் கேட்டு எடுக்கிற ஏற்பாட்டில், அவருக்கு மட்டும் அந்தச் சில பயணங்களை ஒதுக்கிவைப்பது நடக்கிற காரியமாக இல்லை. வழக்கு அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனது; 1998ல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பானது.

பெரிய விமானத்தின் வலது இருக்கை

அதிகம் பேசப்படுவதும், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

இதன் கவர்ச்சி சீனியாரிட்டியில் இருக்கிறது. பல பெரிய நிறுவனங்களில் எல்லாம் பணியில் சேர்ந்த வரிசை எண்ணைப் பொறுத்தது: எந்த விமானம், எந்த இருக்கை, எந்தப் பயணம், எப்போது லீவு. கேப்டன்கள் நடுவில் நடுத்தரமாக இருக்கிற ஒருவர் வலப்பக்கம் நகர்ந்தால் அந்த எண் அப்படியே கூட வரும். ஃபர்ஸ்ட் ஆஃபீசர் பட்டியலில் அவர் திடீரென்று முதல் சில பேரில் ஒருவர். பண்டிகை லீவு, பகல் நேரப் பயணம், வார இறுதியில் வீடு என்று கேட்டதெல்லாம் கிடைக்கும். விலை? அமெரிக்கச் சம்பள அட்டவணைகளில் ஒரே விமானத்தின் ஃபர்ஸ்ட் ஆஃபீசருக்குக் கேப்டன் சம்பளத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். சின்ன விமானக் கேப்டனாக இருந்து பெரிய விமானத்தின் வலப்பக்கத்துக்கு வந்தால் இழப்பு அவ்வளவுகூட இருக்காது.

சரி, தப்பாகப் புரிந்துகொள்வது எங்கே? ‘மெடிக்கல் எளிதாகிவிடும்’ என்ற நம்பிக்கையில். அமெரிக்காவில் துணை விமானிக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் போதும் என்ற விதி பல சந்தர்ப்பங்களில் உண்மைதான். ஆனால் 60 வயதைத் தொட்டுவிட்டால், விமான நிறுவனச் சேவையில் எந்த இருக்கையில் இருந்தாலும் முதல் வகுப்புச் சான்றிதழ் வேண்டும், 6 மாதத்துக்கு ஒருமுறை. இதய வரைபடத்திலிருந்து (இசிஜி) தப்பிக்க வலப்பக்கம் போகிறவர் வீணாகப் போகிறார்.

இரண்டாவது, பழக்கம். இடதுபக்கம் உட்காரும்போது, இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் வலது கையில். வலதுபக்கம் போனால் இடது கையில். ஏர்பஸ்ஸில் விமானத்தைத் திருப்பும் சைட்ஸ்டிக் என்ற பக்கவாட்டுப் பிடியும் கை மாறும். தரையில் ஓட்ட உதவும் சின்னச் சக்கரம் பல விமானங்களில் கேப்டன் பக்கம் மட்டும்தான் இருக்கும். இவையெல்லாம் சில நாள் சிமுலேட்டரில், அதாவது தரையிலிருக்கும் பாவனை விமானி அறையில், பழகிவிடும். பழகச் சிரமமானது வேறொன்று. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது, பறப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கிற உரிமை பல நிறுவனங்களில் கேப்டனுக்கு மட்டும்தான். அதனால்தான் விமானத்தை யார் ஓட்டினாலும் அந்த நேரத்தில் த்ராட்டில் மீது கேப்டன் கை இருக்கும். இருபது வருஷம் அங்கே கை வைத்தே பழகியவர் இனிமேல் கையைத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற கூச்சம். இடதுபக்கம் 38 வயதுக் கேப்டன், வலதுபக்கம் அவருக்கு ஒரு காலத்தில் பாடம் எடுத்த 61 வயது முன்னாள் கேப்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னவர் உத்தரவிடத் தயங்குவார். பெரியவர் ‘நாம் ஏன் குறுக்கே பேச வேண்டும்’ என்று வாயை மூடிக்கொள்வார், அல்லது எல்லாவற்றிலும் தலையிடுவார். இரண்டுமே ஆபத்து. இறங்கி வருகிறவருக்கு உண்மையான பரீட்சை இங்கேதான். தன்னைவிட வித்தியாசமாக, ஆனால் சரியாக முடிவெடுக்கும் ஒருவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிய வேண்டும். தப்பு நடந்தால் உடனே சொல்லவும் தெரிய வேண்டும்.

‘கை முன்போல இல்லை, அதனால் வலப்பக்கம் போகிறேன்’ என்ற காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஃபர்ஸ்ட் ஆஃபீசரும் முறை வைத்துப் பாதிப் பயணங்களில் தரையிறக்குகிறார். கேப்டன் மயங்கி விழுந்தால் விமானம் முழுக்க அவர் கையில். திறமையில் சந்தேகம் வந்தவருக்கு இரண்டு இருக்கையும் கூடாது.

மூன்றாவது ஆள்

அமெரிக்க விதிப்படி இரண்டு விமானிகளோடு அதிகபட்சம் 9 மணி நேரம்தான் பறக்கலாம். 13 மணி நேரம் வரை மூன்று பேர், 17 மணி நேரம் வரை நான்கு பேர். அந்தக் கூடுதல் ஆள் நடுவானில் மற்றவர்களுக்கு ஓய்வு கொடுப்பவர். குவாண்டாஸ் போன்ற இடங்களில் இது இளம் செகண்ட் ஆஃபீசர்களின் வேலை. அமெரிக்க நிறுவனங்களில் ஃபர்ஸ்ட் ஆஃபீசர்களே செய்கிறார்கள் என்பதால் மூத்தவர்களும் கேட்டு வாங்கலாம். பொறுப்பு குறைவு, படுக்க இடம் உண்டு. ஆனால் 90 நாளில் 3 புறப்பாடு, 3 இறக்கம் என்ற விதியை நிறைவேற்ற சிமுலேட்டருக்கு ஓட வேண்டியிருக்கும். பறப்பதில் ஆசை மிச்சமிருப்பவரை இந்த இருக்கை சலிப்பிலேயே கொன்றுவிடும்.

மறைந்துபோன இருக்கை

ஒரு காலத்தில் இறங்கிவருவதற்கென்றே அமைந்த மாதிரி ஒரு இடம் இருந்தது: ஃப்ளைட் இன்ஜினியர். 727, டிசி-10, பழைய 747 எல்லாவற்றிலும் இன்ஜின், எரிபொருள் போன்றவற்றைக் கவனிக்க, பக்கவாட்டுக் கருவிப் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவின் 60 வயது விதி விமானிகளுக்கு மட்டும்தான், இவருக்கு இல்லை. அதனால் 60 ஆன கேப்டன்கள் அங்கே நகரக் கேட்டார்கள். டிடபிள்யூஏ நிறுவனத்தில் உடல்நிலை போன்ற காரணங்களால் தகுதி இழந்த கேப்டன் சீனியாரிட்டியை வைத்து அந்த இருக்கையை எடுத்துக்கொள்ளலாம். 60 ஆனவருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. இது வயதுப் பாகுபாடு என்று 1985ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம், ஃப்ளைட் இன்ஜினியர்களையும் 60ல் கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பிய வெஸ்டர்ன் ஏர்லைன்ஸுக்கும் எதிராகத் தீர்ப்பு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், வழக்கில் ஜெயித்த இருக்கையைத் தொழில்நுட்பம் பிடுங்கிக்கொண்டது. 1982ல் சேவைக்கு வந்த 767க்கு இரண்டே விமானிகள் போதும். 1989ல் வந்த 747-400க்கும் அப்படியே. சரக்கு நிறுவனங்களில் மட்டும் பழைய விமானங்கள் நீடித்தன. ஃபெட்எக்ஸ் 2013 வரை 727 ஓட்டியது.

அங்கே மூன்றாவது இருக்கையில் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. 2007 டிசம்பர் 13ல் அமெரிக்கா வரம்பை 65 ஆக்கியபோது, ஏற்கெனவே 60 தாண்டி ஓய்வு பெற்றவர்கள் திரும்பி வரலாம், ஆனால் புது ஆளாக, பழைய சீனியாரிட்டி இல்லாமல் என்று சட்டம் சொன்னது. அன்றைய தேதியில் அதே நிறுவனத்தில் விமானி அறையின் கட்டாய ஊழியராக இருந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதாவது ஃப்ளைட் இன்ஜினியராக இறங்கியிருந்த முன்னாள் கேப்டன்கள் மறுபடி விமானத்தை ஓட்டலாம். கௌரவம் பார்த்து வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

தரையில்

சிமுலேட்டர் பயிற்றுநர் வேலைக்கு 65 தடையில்லை. அமெரிக்காவில் மருத்துவச் சான்றிதழும் தேவையில்லை. மெடிக்கலில் தோற்றவருக்கு இதுதான் முதல் யோசனையாக இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பிரச்சினை தூக்கமும் வீடும் என்றால் பெரிய விமானத்தின் வலது இருக்கை. பறப்பது இன்னும் தித்திக்கிறது, இரவுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சின்ன விமானத்தின் இடது. ஆனால் 63ல் யோசிக்க ஆரம்பிப்பது தாமதம். இருக்கை மாறினால் அதிலேயே இவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு பல நிறுவனங்களில் உண்டு. சீக்கிரம் போகப்போகிறவருக்குப் பயிற்சிச் செலவு செய்ய நிறுவனங்களும் தயங்கும். 58ல் ஒருமுறை ஒப்பந்தத்தை எடுத்து, கீழே இறங்குவது பற்றிய பக்கத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. காலி இடம் இருந்தால்தான் இறங்க முடியும் என்று பெரும்பாலும் அங்கே எழுதியிருக்கும்.