கிளாம்பா, புதுத் தகடா?

மண்டபத்தில் எங்கள் வாசலிலேயே உப்புக் காற்று குடியிருக்கிறது. அரிச்சல்முனை போய்த் திரும்பிய மறுநாள், ஆஃப் செய்யாமல் நின்ற வண்டியின் எஞ்சின் பக்கம் தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியதுபோல் கடகடத்தது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில வினாடி மட்டும் சத்தம் வந்தால் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினையும் ஆயில் அளவையும் பார்க்க வேண்டும், இது அதுவல்ல. எஞ்சின் ஆறியபின், கீழே புகைக்குழாயைச் சுற்றியுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைத் தட்டினேன். அதே சத்தம். போல்ட் துளையின் விளிம்பு அப்பளம்போல் உதிர்ந்தது.

துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பை, அதாவது திருகினால் இறுகும் பட்டையை, தகட்டையும் குழாயையும் சேர்த்துச் சுற்றி இறுக்குவது பத்து நிமிட வேலை; செலவும் அற்பம். துளை மட்டும் போயிருந்தால் இதுவே போதும். சாதாரண இரும்புக் கிளாம்ப் வேண்டாம், உப்புக் காற்றுக்கு அது தீனி.

புதுத் தகட்டில் விலையைவிடப் பழைய போல்ட்டுதான் தொல்லை. துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பொறுமையாகத் திருகாவிட்டால் தலை முறிந்துவிடும். தகடே பொத்தலானால் வேறு வழியில்லை.

நான் கிளாம்பைப் போட்டேன். “தகட்டையே கழற்றி எறிந்துவிடுங்கள், அண்ணே” என்றார் மெக்கானிக். பனையோலைச் சருகின்மேல் வண்டி நிறுத்துகிற ஊரில், தகடில்லாத குழாயின் சூட்டில் சருகு பற்றிக்கொள்ளும்; அதை மட்டும் செய்யமாட்டேன்.