பெரிய காரைக் கொடுத்துவிட்டுச் சின்ன கார் வாங்குகிறவர்களுக்கு: பழைய வண்டி இன்னும் யார் பெயரில் ஓடுகிறது?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பழைய கார் வாங்கி விற்கிற கார் கன்சல்டிங் ஆட்களிடம் சமீபத்தில் பெரிய வண்டியைக் கொடுத்தவர்கள் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் அந்தப் பழைய வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் பாதி எழுத்தை மறைத்துத்தான் காட்டும், ஆனாலும் நம் பெயர் நமக்குத் தெரியாமல் போகாது. இன்னும் உங்கள் பெயரோ உங்கள் அப்பா பெயரோ அதில் இருந்தால், நான் எழுதுவது உங்களுக்குத்தான்.

எங்கள் வீட்டில் இருந்தது 2019 பென்ஸ் ஈ-கிளாஸ், டீசல். அப்பச்சி, அதாவது என் அப்பா, சென்னையில் தொழில் பார்த்துக்கொண்டிருந்தபோது வாங்கியது. 5 மீட்டருக்கு மேல் நீளம், பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தால் சென்னையிலிருந்து ஊர் வந்து சேர்வது தெரியாது. வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொழிலை முடித்துக்கொண்டு அப்பச்சியும் ஆத்தாவும் (அம்மா) பள்ளத்தூர் வீட்டுக்கே வந்த பிறகுதான் அது பாரமாகிப் போனது. ஓட்டமே காரைக்குடி வரைக்கும்தான், மிஞ்சினால் பிள்ளையார்பட்டி, எங்கள் கோயில் மாத்தூர். பிஎஸ்-6 மாசு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்று உண்டு, எஞ்சின் நன்றாகச் சூடாகி ஹைவேயில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைவீதிக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிற ஓட்டத்துக்கு அது எங்கே சூடாவது? எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த நீளத்துக்கு வேகத்தடையில் வயிறு இடிக்கும், கல்லுக்கட்டியில் நிறுத்த இடம் கிடைக்காது. இதெல்லாம் போக ஆத்தாவுக்கு மூட்டுவலி. தாழ்ந்த சீட்டில் இறங்கி உட்காரவும் எழவும் ஒருத்தர் கை கொடுக்க வேண்டும்.

அப்பச்சிதான் வேகன்ஆர் என்று சொன்னார். நீளம் 3,655 மில்லிமீட்டர், பென்ஸைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் குறைவு. உயரம் 1,675, அதனால் ஆத்தா குனியாமல் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து எழுகிறார். பின் சீட்டை மடித்தால் தேங்காய் மூட்டையிலிருந்து கோயில் பாத்திரம் வரை ஏற்றலாம். ஷோரூமில் புதிதாகவே எடுத்தோம், அந்தப் பக்கம் எந்தத் தகராறும் இல்லை. ஊரில் சிலர், "பென்ஸில் வந்த ஆளு வேகன்ஆரில் வர்றாரே, கை கொஞ்சம் முடக்கமோ" என்று கேட்டார்கள். அப்பச்சி அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. ஆனால் எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள், பெரிய வண்டியைக் கொடுக்கிறவர்கள் நாலு பேருக்குத் தெரியாமல் சட்டென்று முடிக்கப் பார்ப்பார்கள் என்பது இந்தக் கன்சல்டிங் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். "வீட்டுக்கே வந்து எடுத்துக்குறோம் அண்ணே, ஒருத்தருக்கும் தெரியாது" என்பதுதான் எங்கள் பென்ஸை வாங்க வந்த கன்சல்டிங் ஆள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

போனில் 29 லட்சம் என்றார். நேரில் ஒரு பையனோடு வந்து பெயின்ட் கனம் பார்க்கிற கருவியைக் கதவு கதவாக வைத்துப் பார்த்துவிட்டு, டயர், சஸ்பென்ஷன் என்று அடுக்கி 27-க்கு இறக்கினார். இது வியாபாரம், இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 27 லட்சம் சரி என்று பேசி முடித்த பிறகு வந்ததுதான் விஷயம்.

முதலில், "பழைய காருக்கு 18% ஜிஎஸ்டி வந்துருச்சு அண்ணே, என் லாபம் 2 லட்சம் வச்சா 36,000 நீங்க தரணும்" என்றார். 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பழைய வண்டிகளுக்கு ஒரே விகிதமாக 18% கொண்டுவந்தது உண்மை. ஆனால் அது ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி விற்கும்போது அவருக்குக் கிடைக்கிற லாபத்தின் மேல் அவர் கட்டவேண்டிய வரி. வீட்டு வண்டியை விற்கிற தனி ஆளுக்கு அதில் ஒரு பைசா சம்பந்தம் கிடையாது. அத்தான் ஆடிட்டர், போனைப் போட்டுக் கேட்டேன், சிரித்தார். அந்த ஆளிடம் சொன்னால், "எல்லா இடத்துலயும் இப்படித்தான், வேணும்னா டீலை விட்டுருவோம்" என்கிறார். புது வண்டி வந்து முகப்புக்கு வெளியே வெயிலில் நிற்கிறது, கொட்டகைக்குள் பென்ஸ் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த நெருக்கடியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ் 1%, 27,000. இதற்கு மட்டும் ரசீது கொடுத்தார். அப்புறம், ஆர்.சி. பெயர் மாறும்வரை 2 லட்சம் பிடித்து வைத்துக்கொள்வாராம். பெயரை மாற்ற வேண்டியவர் அவர், பிணைப்பணம் எங்களுடையது! கடைசியாக, 10 லட்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். இதில் மட்டும் அப்பச்சி மசியவில்லை. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது, மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கியவருக்கு. "வட்டிக்கடைக் கணக்கு எழுதின குடும்பம்பா இது, பேங்க்குல போடு" என்று சொல்லிவிட்டார். 24,37,000 ஆர்டிஜிஎஸ்-இல் வந்தது.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, மூன்றிலும் அப்பச்சி கையெழுத்து. வாங்குபவர் பெயர் இருக்கவேண்டிய இடம் வெற்று. "பார்ட்டி அமைஞ்சதும் நிரப்பிக்குவோம், எல்லாரும் இப்படித்தான் கொடுக்குறாங்க." எல்லோரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள் என்பது பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கன்சல்டிங்காரர் தன் பெயருக்கு மாற்றினால் கணக்கில் ஒரு ஓனர் கூடும், வண்டி விலை இறங்கும், மாற்றுக் கட்டணமும் ஆகும். அதனால் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டியைக் கை மாற்றி கை மாற்றி விட்டுக்கொண்டே போவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவுப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். யாருக்கு விற்றோம் என்றே எழுதாத படிவத்தை வைத்து எதைத் தெரிவிப்பது?

இதற்கு அரசாங்கமே வழி பண்ணி வைத்திருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கிறவர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்கவேண்டும், அந்தச் சான்றிதழ் படிவம் 29பி. நாம் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை 29சி என்ற படிவத்தில் ஆன்லைனில் பதிவார்கள். பதிந்துவிட்டால் அடுத்த ஆளுக்கு விற்கும்வரை அந்த வியாபாரிதான் உரிமையாளராகக் கருதப்படுவார், விபத்தோ வழக்கோ அவர் தலையில். ஓனர் எண்ணிக்கையும் கூடாது. ஆகவே "என் பேருக்கு மாத்துனா விலை போயிரும்" என்ற சாக்குக்கே இடமில்லை. எங்கள் ஆளிடம் 29பி கேட்டேன். "அதெல்லாம் மெட்ராஸ்ல இருக்குற பெரிய கம்பெனிக்கு அண்ணே" என்றார். இல்லவே இல்லை, கடை பெரிசோ சின்னதோ இந்தத் தொழில் செய்கிற எல்லோருக்கும்தான்.

வண்டி போய்க் கொஞ்ச நாளில் என் போனுக்கு மெசேஜ்: லெம்பலக்குடி டோல்கேட்டில் பணம் பிடித்தாகிவிட்டது. பின்னாலேயே லெட்சுமணப்பட்டி. ஃபாஸ்டாக் கண்ணாடியிலேயே இருந்தது, "புது டேக் ஒட்டிட்டுப் பழசை நாங்களே குளோஸ் பண்ணிருவோம்" என்று சொல்லியிருந்தார்கள். திருச்சி போய்விட்டு வருகிறார்கள்போல என்று போனைப் போட்டால், "டெஸ்ட் டிரைவ் அண்ணே". எந்த ஊரில் ஐயா திருச்சி வரைக்கும் டெஸ்ட் டிரைவ் போகிறார்கள்? அப்புறம் கிருஷ்ணகிரி டோல்கேட். அடுத்து அப்பச்சி பெயருக்கு அதிவேகத்துக்கான இ-சலான். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. வேகத்துக்கு அபராதம் வந்தால் கட்டிவிடலாம், இதே வண்டி ஒருவர் மேல் மோதியிருந்தால்?

இது வீண் பயம் இல்லை. உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதைத்தான் தீர்த்துச் சொன்னது. அந்த வழக்கில் வண்டியை விற்றவர் விற்று, அது கை மாறிக் கை மாறிப் போய், 2009-இல் விபத்து நடக்கிறது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பு. விபத்தில் அடிபட்டவர், கடைசியாக வாங்கினவர் யார் என்று தேடி அலைய முடியாது என்பது அதில் உள்ள நியாயம், அதில் தப்பும் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய அப்பச்சியை எங்கேயோ ஒரு கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துகிற வேலையைத்தான் அந்த ஆள் எங்களுக்குச் செய்து வைத்திருந்தார்.

போனில் "நாளைக்கு மாத்திருவோம்", "பார்ட்டி பெங்களூர்ல இருக்காரு", "தம்பி ஆர்.டி.ஓ.வுலதான் நிக்கிறான்". பிறகு போனையே எடுப்பதில்லை. நல்லவேளை, வண்டியைக் கொடுத்த அன்று தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் எழுதி அவருடைய பையனிடம் கையெழுத்து வாங்கி, வண்டியோடு சேர்த்துப் போட்டோவும் எடுத்திருந்தோம். அது அப்பச்சியின் பழக்கம், பெட்டகசாலையிலிருந்து ஒரு சாமான் வெளியே போனாலும் எழுதி வைப்பார். அந்தத் தாளின் நகலை வைத்துத்தான் எல்லாமே நகர்ந்தது. பேங்க்கில் சொல்லி ஃபாஸ்டாக்கை மூடினோம், டேக்குக்குக் கட்டிய டெபாசிட் திரும்பி வந்தது. வாங்கியவர் என்ற இடத்தில் கன்சல்டிங்காரர் பெயரையே போட்டுப் புதிதாகப் படிவம் 29 எழுதி, ஒரு மனுவோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கினோம். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது. வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில்.

இத்தனைக்கும் அசையாத ஆள் ஒருநாள் தானாகவே கூப்பிட்டார். "ஐயா போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க." பெயர் மாற்ற ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஆர்.சி.யில் பதிவான மொபைல் எண்ணுக்கு ஓடிபி வருகிறது, அது அப்பச்சி எண். வாங்கின பெங்களூர்க்காரர் பெயர் மாற்றித் தரச்சொல்லி அங்கே கழுத்தைப் பிடித்திருக்கிறார் போலிருக்கிறது. பிடித்து வைத்த 2 லட்சமும் சலான் தொகையும் அக்கவுன்ட்டில் ஏறினால் ஓடிபி என்று சொன்னோம். காலையில் கத்தினார், சாயங்காலம் பணம் ஏறிவிட்டது. யாருக்காவது ஓடிபி கேட்டுப் போன் வந்தால் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள், கணக்கு தீராத வண்டியில் நம் கையில் மிச்சமிருக்கிற ஒரே பிடி அதுதான். பெயர் மாறிய பிறகு செயலியில் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. "பாலிசி வண்டியோட போயிரும்" என்பார்கள். பாலிசி போகும், நோ கிளைம் போனஸ் போகாது. அது வண்டிக்கு இல்லை, ஓனருக்கு. கிளைம் இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டியிருந்தால் 50% வரை வரும். விற்ற சான்றைக் காட்டிக் கம்பெனியில் கடிதம் வாங்கினால் புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம், கடிதம் மூன்று வருடம் செல்லும். பென்ஸை விற்கும் முன்பே வேகன்ஆர் வந்துவிட்டதால் அதற்கு முதல் வருடப் பிரீமியம் முழுசாகக் கட்டியாயிற்று. சின்ன வண்டி என்பதால் பெரிய தொகை இல்லை, அடுத்த ரினியூவலில் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

மிச்சம் நிற்பது அந்த 36,000. ஜிஎஸ்டி கட்டியதற்கு ரசீது கொடு என்றால் பதில் இல்லை, அவருக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்பதே சந்தேகம். சர்வீஸ் சார்ஜ் என்று 27,000-க்கு ரசீது போட்டுக் கொடுத்தாரே, அவருக்கு வினை அதிலிருந்துதான் வந்தது. காசு வாங்கிச் சேவை செய்வதாக ஒப்புக்கொண்டாயிற்று, ஆகவே நாங்கள் நுகர்வோர் என்று வக்கீல் சொல்லி, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம், முதலில் பேசிப் பார்க்கிறேன் என்கிறவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் புகார் பதியலாம், அதுவும் இலவசம்.

வழக்கு நடப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கம் இதே மாதிரி வீட்டுக்கே வந்து எடுத்துப்போய், பெயர் மாறாமல் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறவர்கள் இருந்தால் ஒப்படைத்த தாள், வெற்றுப் படிவத்தின் போட்டோ, பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஆர்.டி.ஓ.விடம் போனால் 29பி இல்லாமல் கடை எப்படி நடக்கிறது என்று கேட்கலாம். தனியாக நான் கேட்டதற்கு, "எழுதிக் கொடுங்க, பார்க்குறோம்" என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.