பித்தப்பைக் கல்லுக்கு 20 மாத மாத்திரை: என் அனுபவம்

2021 மார்ச்சில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த ராத்திரி ஆரம்பித்தது வலி. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகில் தோள்பட்டை வரை ஏறியது. மறுநாள் வெறும் வயிற்றில் ஸ்கேன். பித்தப்பையில் மூன்று கற்கள், பெரியது 7 மி.மீ.

சொந்தக்காரர்கள் எல்லோரும் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற வைத்தியம் என்று விளக்கி விளக்கியே எனக்கு அலுத்துவிட்டது.

ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையில் கரைக்க முடியுமா என்று கேட்டேன். டாக்டர் உடனே தலையாட்டவில்லை. கொழுப்புக் கல்லாக இருந்தால்தான் கரையும், சுண்ணாம்பு ஏறியிருந்தால் கரையாது என்று சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதில் சுண்ணாம்பு இல்லை. அப்புறம் கேன்டீனில் ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தார். பித்தப்பை சுருங்கியிருந்தது. பை வேலை செய்கிறது, குழாயில் அடைப்பு இல்லை என்று அர்த்தமாம். வைத்தியத்துக்காக நெய் ரோஸ்ட் சாப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மருந்து உர்சோடியாக்சிகோலிக் ஆசிட். கிலோவுக்கு 8 முதல் 10 மி.கி. என்ற கணக்கில், 62 கிலோ எடைக்கு 300 மி.கி. மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டோடு. பித்தத்தில் சேரும் கொழுப்பை இது குறைக்கிறது. அதனால் கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. லத்தீனில் உர்சஸ் என்றால் கரடி. முதலில் கரடிப் பித்தத்தில் கண்டுபிடித்ததால் இந்தப் பெயர். இப்போது பெரும்பாலும் மாட்டுப் பித்தத்திலிருந்து தயாரிக்கிறார்கள். சுத்த சைவமான என் மாமியாரிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் வயிறு இளகியது, பிறகு சரியாகிவிட்டது. கஷ்டம் பொறுமைக்குத்தான், பர்ஸுக்கும்தான்: மாதம் இரண்டாயிரத்துக்குக் குறையாது. ஆறாவது மாத ஸ்கேனில் சின்னக் கற்கள் இரண்டும் காணோம், பெரியது 5 மி.மீ. ஒரு வருடத்தில் 3. பதினேழாவது மாதம் ஒன்றுமே இல்லை. அதன் பிறகும் மூன்று மாதம் சாப்பிடச் சொல்லி, இன்னொரு ஸ்கேன் பார்த்துத்தான் நிறுத்தினார். இடையில் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ விடாத வலியோ வந்தால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்காதே என்று ஒவ்வொரு முறையும் எச்சரித்தார். நல்லவேளை, எதுவும் வரவில்லை.

என் அக்காவும் இதே மாத்திரையை எட்டு மாதம் சாப்பிட்டாள். சி.டி. எடுக்காமலே வேறொரு இடத்தில் எழுதிக் கொடுத்தது. கல் அசையவே இல்லை. கடைசியில் ஆபரேஷன் முடிந்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள்: மிளகு போலக் கறுப்பாக ஒன்பது. அந்தக் கறுப்புக் கல்லுக்கு இந்த மருந்து காசைக் கரைக்குமே தவிர வேறெதையும் கரைக்காது.

எனக்குக் கரைந்ததே, சந்தோஷம்தானே என்றால், கதை 2025 ஜூனில் திரும்பியது. மறுபடி அதே வலி, 4 மி.மீ.யில் இரண்டு. கரைந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் திரும்ப வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். நான் மற்ற பாதியில் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு 20 மாதம் சாப்பிடட்டுமா என்று கேட்டேன். “கல்லைக் கரைக்கலாம்மா, கல் விளைகிற பை அங்கேயேதானே இருக்கும்?” என்றார்.

ஆபரேஷனுக்குப் பொங்கல் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொள்ள மறக்காதே என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டாள்.